நைரோபி விமானம் வராத நாள்

ராட்டர்டாம்,
20.11.1994

அண்ணி அவர்களுக்கு,

உத்தமன் எழுதுகிறேன். கஜபதியின் கடிதம் நேற்று வந்தது. பூந்தமல்லியிலிருந்து மூன்று முறை வேப்பம்பட்டுக்கு வந்தாராம். மூன்று முறையும் நீங்கள் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, கையெழுத்தை மட்டும் போடவில்லையாம். மோருக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறார்.

அந்த இரண்டரை ஏக்கர் அப்பாவுடையது. அண்ணன் போன பிறகு பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் கஜபதி அதை மனை பிரித்து விற்க முடியும். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வேலை செய்கிறவர்கள் ஒரு மனைக்காக அலைகிறார்கள். அந்த இடத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டுக்கொண்டிருப்பது பட்டுப்புடவையால் தரை துடைப்பது போல.

விவசாயத்தை விடமாட்டேன் என்கிறீர்கள். எது விவசாயம் என்று தினமும் பார்க்கிறவன் நான். இங்கே காய்கறி இறக்குமதி செய்யும் கிடங்கில் ஐந்து வருடமாகத் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். என் முத்திரை விழாமல் ஒரு பெட்டி கடைக்குப் போகாது. ஏப்ரல் மாதம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஜனவரியிலிருந்து புதிய ஏற்பாடு. இனிமேல் எவன் நல்ல சரக்கு கொடுக்கிறானோ அவனுக்கே சந்தை. நாடு பார்க்கமாட்டார்கள், நிறம் பார்க்கமாட்டார்கள். தரம் ஒன்றுதான். அழுகலை அடியில் போட்டு நல்லதை மேலே அடுக்கும் நம் ஊர்க் கூடைக்காரர்களுக்கு அதில் என்ன இடம் இருக்கிறது?

வீம்புக்குச் சொல்லவில்லை, பந்தயமாகவே சொல்கிறேன். வெண்டை பயிரிடுங்கள். பூந்தமல்லியில் ஓர் ஏற்றுமதிக்காரரின் ஷெட் இருக்கிறது. அங்கே கங்காதரன் என்பவரிடம் என் பெயரைச் சொன்னால் எங்கள் கிடங்குக்கு அனுப்பிவைப்பார். ஆடி பிறக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஒரே ஒரு முறை 'முதல் தரம்' முத்திரை வாங்கிவிட்டால் என் பங்கையும் உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாங்காவிட்டால் நீங்கள் கஜபதிக்குக் கையெழுத்துப் போடவேண்டும்.

நீளம் ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர். வளைவு கூடாது. பெட்டிக்கு நாலு கிலோ. முற்றல் ஒன்றே ஒன்று இருந்தாலும் மொத்தச் சரக்கும் குப்பைக்கு. இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள்.

உத்தமன்


வேப்பம்பட்டு,
9.12.1994

உத்தமனுக்கு,

கடைசி வரியை நீ சொன்னபடி இரண்டு முறை படித்தேன். மற்ற வரிகளுக்கு ஒரு முறையே போதுமானதாக இருந்தது.

பட்டுப்புடவை உவமை நன்றாயிருக்கிறது. தரை துடைத்துப் பழக்கமுள்ளவர் யாராவது எழுதியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

உன் ஒப்பந்தத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மேனாம்பேட்டில் என் தங்கை சுசீலா வாடகைக்கு இருக்கிற வீட்டைப் பற்றித் தெரியும். அங்கே நாலு குடித்தனம். தண்ணீர்க் குழாய் எல்லோருக்கும் பொது என்று வீட்டுக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பொதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் மேல்வீட்டில் மோட்டார் போட்டால் கீழே மூன்று குடித்தனத்துக்கும் குழாயில் காற்றுதான் வரும். கேட்டால், "உங்க குடத்த சரியா வெக்கல" என்பார். இனி எல்லோரும் சமம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் குழாய்தான் நினைவுக்கு வந்தது.

ஆனாலும் பந்தயத்துக்குச் சம்மதம். உன் அண்ணன் ஆவடி ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மடை திருப்பிய நிலம் இது. கஜபதி பக்கத்து வயலில் கல் நட்டு, மஞ்சள் வர்ணம் அடித்து, 'நகர்' என்று பெயரும் வைத்துவிட்டார். மழை பெய்தால் அந்த நகரில் தவளைதான் குடியிருக்கிறது. நம் நிலத்திலும் அந்த மஞ்சள் கல்லை நான் பார்க்கமாட்டேன். அதற்காக வெள்ளைக்காரனுக்கு வெண்டைக்காய் அளந்து கொடுக்கவேண்டும் என்றால் அளந்து கொடுக்கிறேன்.

நம் தெரு எல்லம்மாவையும் நாகவல்லியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் எல்லம்மா கேட்டாள்: "அந்த ஊர்ல சோறு துன்னும்போது பக்கத்துல ஸ்கேல் வெச்சிகினு துன்னுவாங்களா அண்ணி?"

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒன்பது சென்டிமீட்டர் என்பது காம்போடு சேர்த்தா, காம்பு நீக்கியா? எழுது.

பத்மா


(படம் போட்ட அஞ்சலட்டை)
28.12.1994

அண்ணி அவர்களுக்கு, காம்போடு சேர்த்து. முற்றல் பற்றிச் சொன்னதை மறக்கவேண்டாம்.
உத்தமன்


வேப்பம்பட்டு,
27.2.1995

உத்தமனுக்கு,

முதல் சரக்கு இன்று புறப்பட்டது. அறுபது பெட்டி. விடியற்காலை பனி காய்வதற்குள் பறித்தோம். எல்லம்மா தன் மகனின் பள்ளிக்கூட ஸ்கேலைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் அளந்தாள். வளைந்ததெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினோம். அதில் இரண்டு நாள் பொரியல், ஒரு நாள் புளிக்குழம்பு.

முற்றல் விஷயத்தில் உனக்கு ஒரு கவலையும் வேண்டாம். மேலோட்டமாகப் பார்த்துப் போடவில்லை. அறுபது பெட்டியிலும் ஒரு காய் விடாமல், கையால் தொட்டுச் சோதித்தே போட்டோம். மூன்று பேருக்கும் கட்டைவிரல் வலிக்கிறது. நாகவல்லி சொன்னாள்: "கோயம்பேடுல கேட்டாகூட இவ்ளோ நல்லா பாத்து யாரும் குடுக்கமாட்டாங்க."

கங்காதரன் அவசரத்தில் இருந்தார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார். என் முகத்தைப் பார்த்தாலே சரக்கு எப்படி என்று தெரிகிறதாம்.

முத்திரையை நன்றாக மை தொட்டு வை.

பத்மா


ராட்டர்டாம்,
6.3.1995

அண்ணி அவர்களுக்கு,

மேசையின் மேல் உங்கள் பெட்டியைத் திறந்தபோது என்னுடன் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் இந்த நாட்டுக்காரர்கள். ஒருவர் ஒரு காயை எடுத்தார், திருப்பினார், கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் வெண்டைக்காய்க்கு எலித் தொல்லை அதிகமோ?" என்று கேட்டார்.

ஒவ்வொரு காயின் நுனியும் ஒடிந்திருக்கிறது! அறுபது பெட்டியிலும். ஒன்றுகூட மிச்சமில்லை. ஒடிந்த இடம் கறுத்து, மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து, பெட்டி முழுவதும் பிசுபிசுப்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் பெரிய அவமானம். எலி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும், ஆனால் எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் வெண்டைக்காய் வாங்கும் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள், டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல், அந்தப் பழக்கத்தில் என் அண்ணியே தன் சரக்கைத் தானே ஒடித்து ஒடித்து விமானத்தில் ஏற்றிவிட்டார் என்று சொல்வதா? எலி என்றே ஒத்துக்கொண்டேன். எலிக்காவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

வாங்குகிறவன் செய்யும் சோதனையை விற்கிறவரே செய்து அனுப்பினால் அந்தப் பொருளுக்குப் பெயர் என்ன? கடித்துப் பார்த்துவிட்டு இனிப்பு விற்பவரைக் கண்டிருக்கிறீர்களா?

நிராகரித்துவிட்டேன். இதற்குமேல் முயற்சி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கஜபதி இன்னும் அதே விலையில்தான் நிற்கிறார்.

உத்தமன்


வேப்பம்பட்டு,
24.3.1995

உத்தமனுக்கு,

தப்பு எங்களுடையது. ஒத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தை எல்லம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு காயைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஒடிக்காம எப்டி அண்ணி தெரியும்?" என்றாள். நாகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மூவரும் சிரித்தோம். அழவேண்டிய விஷயம்தான், என்ன செய்வது.

ஆனால் இதில் உன் தப்பை நீ ஒத்துக்கொள்வாயா என்று பார்க்கிறேன். நீ எழுதிய விதியை எடுத்துப் பார். 'முற்றல் ஒன்றே ஒன்று இருந்தாலும்' என்று பயமுறுத்தினாய். அட்டையிலும் அதையே எழுதினாய். முற்றலா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்று எங்கேயாவது எழுதினாயா? இந்த வீட்டில் இருபது வருடம் வெண்டைக்காய் சாப்பிட்டவன் நீ. நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று உனக்குத் தெரியாதா? சமையல்காரனிடம் "பால் பொங்கினால் வேலை போய்விடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியூர் போனால், அவன் அடுப்பையே பற்றவைக்கமாட்டான். பயமுறுத்தினால் வேலை அப்படித்தான் நடக்கும்.

எலி என்று சொன்னாயாமே. அந்த இரண்டு பேரிடமும், "இது எங்கள் வீட்டுப் பெண்கள் நாணயத்துக்காகச் செய்தது" என்று சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. உன் அண்ணனாக இருந்தால் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுச் சரக்கைத் தள்ளியும் இருப்பார்.

சரி, இப்போது வழி கண்டுபிடித்துவிட்டோம். பூ உதிர்ந்த நாலாம் நாள் பறித்தால் சோதனையே தேவையில்லை. நாள் கணக்குக்குச் செடிக்குச் செடி கலர் நூல் கட்டியிருக்கிறோம். காயை இரண்டு விரலால் காம்பில் மட்டும் பிடிக்கவேண்டும், உடம்பில் கை படக்கூடாது. பிறந்த குழந்தையைக்கூட நாகவல்லி இவ்வளவு பதமாகப் பிடித்ததில்லையாம்.

ஏப்ரல் நாலாம் தேதி அனுப்புகிறேன். இந்த முறை உன் அபிப்பிராயம் தேவையில்லை, முத்திரை போதும்.

பத்மா


ராட்டர்டாம்,
10.4.1995

அண்ணி அவர்களுக்கு,

இரண்டாவது சரக்கு ஆறாம் தேதி வந்தது. பரிசோதித்தேன். நிறம் சீராக இல்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது.

இதைப் பற்றி மேலும் எழுத எதுவும் இல்லை. ஆடி வரை காத்திருக்காமல் கஜபதிக்கு முடிவு சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உத்தமன்


வேப்பம்பட்டு,
28.4.1995

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் மும்முரமாகப் பரிசோதனை செய்துவரும் வேளையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்.

நிறம் சீராக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே விதை, ஒரே வயல், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே நாளில் பறித்த காய். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே நிறம் மாறும்தான். ஆனால் நாங்கள் அதையும் பார்த்து, வெளுத்தது ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் அடுக்கினோம். முதல் முறை நான்கு பக்கம் திட்டிய உங்களுக்கு இந்த முறை நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை. எனக்கு அங்கேதான் இடித்தது. திட்டுவதற்கு விஷயம் இருந்தால் நீங்கள் விடுகிற ஆள் இல்லை.

பூந்தமல்லிக்குப் போனேன். கங்காதரனிடம், என் காயில் என்ன குறை என்று கேட்டேன். அவர் ஒரு டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னா யக்கா, இன்னும் காய்லதான் கொற கீதுன்னு நெனச்சிகினு கீறியா? கென்யான்னு ஒரு நாடு கீது. அவங்க காய்க்கு அங்க வரியே கெடையாது, பழைய ஒப்பந்தம் ஒண்ணு கீது. நம்ம காய்க்கு வரி உண்டு. இவங்க ரெண்டு பக்கமும் ஆர்டர் போட்டு வெச்சிக்குவாங்க. நைரோபிலேர்ந்து ஏரோப்ளேன் வந்து எறங்கிச்சினு வெச்சிக்க, நம்ம காய்க்கு நெறம் சரியில்ல, நீட்டு சரியில்ல, மூஞ்சி சரியில்ல. அது வரலன்னு வெச்சிக்க, நம்ம காய்தான் ராஜாத்தி."

"அப்ப தரம்னு சொல்றாங்களே?" என்றேன்.

"பொண்ணு பாக்க வர்றான். சீர் பத்தலன்னு வாயத் தொறந்து சொல்வானா? ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிட்டு பஜ்ஜியத் துன்னுட்டுப் போவான். தரம்ன்றது அந்த ஜாதகம் யக்கா."

டீ ஆறிவிட்டது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பந்தயம் பந்தயம்தான். ஆடி பிறக்கும்போது எனக்கு முத்திரை கிடைத்திருக்காவிட்டால் சொன்னபடி கஜபதிக்குக் கையெழுத்துப் போடுவேன். வாக்கு மாறமாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். தரம், ஒப்பந்தம், உலகச் சந்தை எதுவும் வேண்டாம். வந்தது, வரவில்லை என்று ஒரு சொல் போதும்.

ஏப்ரல் ஆறாம் தேதி நைரோபி விமானம் வந்ததா?

பத்மா


ராட்டர்டாம்,
9.5.1995

அண்ணி அவர்களுக்கு,

என்னை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவேண்டாம்.

பூந்தமல்லி ஷெட்டில் பெட்டிக்கு ஆணி அடிக்கிற ஒருவர் சர்வதேச வர்த்தகம் பற்றிச் சொன்னதை அப்படியே நம்பி எழுதியிருக்கிறீர்கள். கென்யாவுக்கு வரி இல்லை என்பது உண்மை. அது ஐரோப்பிய நாடுகள் தங்கள் பழைய காலனி நாடுகளோடு செய்துகொண்ட தனி உடன்படிக்கை. அதில் நம் நாடு இல்லை. காட் ஒப்பந்தம் வந்தாலும் அது உடனே மாறிவிடாது. இதெல்லாம் என்னைக் கேட்டு யாரும் எழுதவில்லை. வாங்குகிற நிறுவனம் எது மலிவு என்று பார்ப்பது இயல்பு. நீங்கள் அம்பத்தூர் மார்க்கெட்டில் பார்ப்பதில்லையா?

என் வேலை பெட்டியைத் திறந்து பார்ப்பது. பார்த்ததை எழுதுவது. எழுதியது பொய் என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு மேலாளர் ஒரு பட்டியல் தருவார். அதில் அன்றைக்கு எவ்வளவு தேவை என்று...

அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

வந்தது.

உத்தமன்


வேப்பம்பட்டு,
2.6.1995

உத்தமனுக்கு,

ஒரு சொல் கேட்டேன், கடைசியில் கொடுத்துவிட்டாய். அதனால்தான் மறுபடி உன் பெயரை எழுதுகிறேன்.

இப்போது நான் ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்கும் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மே இருபத்துமூன்றாம் தேதி காலை கங்காதரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "யக்கா, நைரோபி பிளேன் மூணு நாளா கெளம்பல. இன்னிக்கே அறுபது பெட்டி வோணும்னு பேக்ஸ் மேல பேக்ஸு" என்றார்.

தோட்டத்தில் காயே இல்லை என்றேன். அது உண்மை. பருவம் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு பாத்தி விதைக்காக விட்டிருந்தேன். அதில் இருந்ததெல்லாம் ஒரு ஜாண் நீளம், அரிவாள் மாதிரி வளைவு. மிச்சச் செடிகளில் பறிக்காமல் விட்டது வாடிப்போய்த் தொங்கியது. இதைக் காலையில் பசுவுக்குப் போட்டுப் பார்த்தேன், முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அவரிடமே சொன்னேன்.

"மாடு அவசரத்துல இல்ல யக்கா. அவங்க அவசரத்துல கீறாங்க. போடு."

"முத்தல் ஒண்ணு இருந்தாலே மொத்தமும் குப்பைன்னு எங்க தம்பி எழுதியிருக்காரு."

"அவரு எழுதினாரு. நீ போடு."

எல்லம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேல் எடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நூல் பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை. விறகு அடுக்குவது போல அடுக்கினோம். சில காய் பெட்டிக்குள் அடங்கவில்லை, மடக்கி அமுக்கினோம். அதுவும் ஒடியவில்லை. அவ்வளவு முற்றல். கத்தரியும் வெண்டையுமாகப் பதினெட்டு வருடம் விற்றிருக்கிறேன், உத்தமா. அப்படி ஒரு சரக்கை நான் திருநின்றவூர்ச் சந்தையில் கூடையில் வைத்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார்கள். அடித்ததும் நியாயமாக இருந்திருக்கும்.

இருபத்தேழாம் தேதி உங்கள் கிடங்கிலிருந்து பேக்ஸ் வந்தது. கங்காதரன் அதன் நகலை எனக்குக் கொடுத்தார். அறுபது பெட்டி. நீளம் சரி. நிறம் சீர். முற்றல் இல்லை. முதல் தரம். கீழே உன் கையெழுத்து. தமிழில்தான் போடுகிறாய். அந்த மட்டில் சந்தோஷம்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் முத்திரைக்குப் பங்கம் வராமல் மடித்து வைத்திருக்கிறேன்.

நான் நிலத்தை வென்றுவிட்டேன். தோற்கும்போது சிரித்தேன் என்று எழுதினேன் இல்லையா, இப்போது சிரிப்பு வரவில்லை. ஒழுங்காகச் செய்தபோது குப்பைக்குப் போயிற்று, குப்பையை அனுப்பியபோது முதல் தரம் ஆயிற்று. இந்தச் சந்தைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று எங்களை எழுதினாயே, அதை ஒரு கவுரவமாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த ஊரிலும் நம்மைப் போல வெண்டைக்காய் சமைக்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி அதை வாங்கிக்கொண்டு போய் நறுக்கியிருப்பாள். எத்தனை நேரம் வதக்கினாலும் நார். பிள்ளைகள் மென்று மென்று துப்பியிருக்கும். அவள் உன்னையும் உன் கம்பெனியையும் திட்டியிருக்கமாட்டாள். நீங்கள் யார் என்றே அவளுக்குத் தெரியாது. இதைப் பயிரிட்டவள் நன்றாயிருப்பாளா என்று என்னைத்தான் திட்டியிருப்பாள். அந்தத் திட்டு எனக்குச் சேரவேண்டியதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு விலாசம் தெரியாது. உனக்கும் தெரியாது. உனக்கு அந்த நினைப்பாவது வந்ததா?

பத்மா


ராட்டர்டாம்,
14.6.1995

அண்ணி அவர்களுக்கு,

பெட்டியைத் திறக்காமல் முத்திரை வைத்தேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். அப்படி எழுதினால் எனக்குக் கொஞ்சம் கவுரவமாக இருக்கும். ஆனால் திறந்தேன். முதல் பெட்டியிலேயே தெரிந்தது. ஒன்றை எடுத்து வளைத்தேன், கயிறு மாதிரி வளைந்தது. மேலாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாகக் கடைகளில் தட்டு காலி என்றார். அறுபது பெட்டிக்கும் முத்திரை வைக்க எனக்கு ஆறு நிமிடம் ஆயிற்று.

பெட்டியின் மேல் ஷெட் எண்ணோடு உங்கள் பெயரும் இருந்தது. உங்கள் சரக்கு என்று தெரிந்துதான் வைத்தேன். அந்தக் கணம் பந்தயம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அன்றைய பட்டியல்தான் நினைவில் இருந்தது. இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் மாதம் வந்த காய்களைப் பற்றி. ஐந்து வருடத்தில் இந்த மேசைக்கு வந்தவற்றில் அவைதான் நல்லவை. அப்போதே இந்த வரியை எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் நாலு வரி எழுதினேன். முதல் சரக்கை நான் தள்ளியது மட்டும் நியாயம். அதில் மாற்றம் இல்லை.

பந்தயத்தில் தோற்றேன். தூதரகத்துக்குப் போய் என் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி, முத்திரையும் சாட்சியும் போட்டு இதோடு அனுப்புகிறேன். கஜபதிக்கும் எழுதிவிட்டேன். இனி அவர் வரமாட்டார். பத்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் எனக்கு இனி எதுவும் வேண்டாம்.

உத்தமன்


வேப்பம்பட்டு,
3.7.1995

உத்தமனுக்கு,

பத்திரம் வந்தது. எடுத்துக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுத்தவர் நேர்ல வரணும்மா. இல்லன்னா அவர் யாருக்காவது பவர் எழுதித் தரணும்" என்றார். எனக்கே பவர் தந்தால் ஆகாதா என்று பக்கத்தில் நின்ற புரோக்கர் ஒருவர் யோசனை சொன்னார். கொடுக்கிற கையும் நான், வாங்குகிற கையும் நான் என்றால் அதற்கு ஆபீஸ் எதற்கு, வீட்டிலேயே கை தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது சட்டம். என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றவன் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நீ அப்படிக் கொடுக்கவில்லை. 'அந்த மண்ணில் எனக்கு எதுவும் வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாய். கல்யாண வீட்டில் மிஞ்சியதைப் பின்வாசலில் நிற்கிறவளிடம், "எடுத்துனு போ, எங்களுக்கு வேணாம்" என்று போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி இருக்கிறது. எனக்குப் பசி இல்லை.

உன் மேலாளர் ஒரு பட்டியல் கொடுத்தால் நல்லதைத் தள்ளுகிறாய், கெட்டதை எடுக்கிறாய். இப்போது வெட்கம் வந்ததும் நிலத்தைத் தள்ளுகிறாய். தள்ளிப் பழகிய கை. எதைத் தள்ளுகிறோம் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அது தள்ளிவிடுகிறது. உன்னை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அது இன்னும் மோசம்.

பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கிழித்தாலும் சரி, வைத்திருந்தாலும் சரி. நிஜமாகவே கொடுக்கவேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, வரப்பு வரப்பாக நடந்து, எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்துவிட்டு ஆபீசில் என் பக்கத்தில் நின்று சொல். கொடுக்க மனமில்லை என்று தோன்றினால் அதையும் வந்தே சொல். அதுவரை உன் பங்கு உன் பெயரிலேயே இருக்கட்டும், மேற்கு வரப்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் போகிறது, பாதி வேலை உன்னுடையது.

வெளிநாட்டுக்கு இனி நான் எதுவும் அனுப்பப்போவதில்லை. கங்காதரனிடம் சொல்லிவிட்டேன். எல்லம்மாவும் நாகவல்லியும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனுக்குத் தினமும் கத்தரிக்காய் கொண்டுபோகிறார்கள். சமையல்காரர் வாசலிலேயே நின்று ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்துத் திட்டிக்கொண்டே வாங்குகிறார். எங்களுக்கு அது போதும்.

ஆடியில் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். ஆவணியில் வந்தால் வேலை முடியும். அடுத்த வருடம் வந்தாலும் சரிதான், நிலம் இங்கேதான் இருக்கும். எனக்கு அவசரம் எப்போதும் இருந்ததில்லை.

பத்மா